மலை ஏறி இறங்கிய காருக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் சேலம், ஏற்காடு, ஓமலூர் வட்டாரத்துப் பழைய கார்கள் தொடர்ந்து வருகின்றன. பலேனோ, ஐ20, போலோ, ஜாஸ், ஆல்ட்ராஸ், கிளான்சா என்று கொஞ்சம் வசதி கூடிய சிறிய கார்களுக்குத்தான் இப்போது கிராக்கி. "சிங்கிள் ஓனர், டாக்டர் யூஸ், 28,000 கி.மீ. மட்டுமே" என்று நான்கு வரி இருக்கும். வாங்குபவர் முதலில் பார்ப்பதும், விலையை முடிவு செய்வதும் அந்தக் கிலோமீட்டரை வைத்துத்தான். மீட்டரைத் திருப்பி வைக்காத நேர்மையான காராகவே இருந்தாலும், நம் ஊரில் அந்த எண்ணை மட்டும் நம்பி விலை பேசுவது தவறு. காரணம், நம் வாசலிலேயே மலை இருக்கிறது.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். டர்போ இல்லாத எஞ்சின், உயரம் நூறு மீட்டர் கூடும்போது ஏறக்குறைய ஒரு சதவீத சக்தியை இழக்கும். ஆக, நான்கு பேர் ஏறிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார் மேலே போய்ச் சேரும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் பலம் குறைந்திருக்கும். அந்தக் குறையை ஓட்டுநர் ஆக்சிலரேட்டராலும் கிளட்சாலும் ஈடு கட்டுகிறார். ஒவ்வொரு வளைவிலும் இரண்டாம் கியர், சில வளைவில் முதல் கியர், எதிரே பஸ் வந்தால் ஏற்றத்திலேயே நிறுத்தி மறுபடி எடுப்பது. நாற்கரச் சாலையில் நூறு கிலோமீட்டர் ஓடினாலும் இத்தனை முறை கிளட்ச் மிதிபடாது.

இறக்கம் இதைவிட மோசம். ஆட்களோடு சேர்த்து 1,350 கிலோ எடையுள்ள கார் 1,200 மீட்டர் கீழே வரும்போது வெளியாகும் ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டயர் உருளுவதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் போனது போக, மிச்சமிருப்பது சுமார் நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இரண்டாம் கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால் அத்தனையும் இரண்டு முன் டிஸ்க்குகளும் பின் டிரம்களும் வாங்கிக்கொள்கிற சூடு. (பெட்ரோலும் மிச்சமாகாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜெக்டர் எரிபொருளை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு ஊற்றிக்கொண்டே இருக்கும்.) எனவே எஸ்டேட்டுக்கும் வீட்டுக்குமாக மலை ஏறி இறங்கிய 30,000 கி.மீ. காரைவிட, பெங்களூரு சாலையில் ஓடிய 80,000 கி.மீ. காரின் கிளட்ச், பிரேக், ஆக்சில் எல்லாம் நன்றாக இருப்பது உண்டு.

இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். டிஸ்க்கின் ஓரத்தை விரலால் தடவினால் உயர்ந்த விளிம்பு தட்டுகிறதா, பரப்பில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நீலம் என்றால் கடுமையான சூடு கண்ட டிஸ்க். கொண்டலாம்பட்டி பைபாஸில் பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து 70 வேகத்தில் சீராகப் பிரேக் பிடியுங்கள். ஸ்டீயரிங் கையில் உதறினால் டிஸ்க் சீரற்றுத் தேய்ந்திருக்கிறது. பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கத்தில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும், பெடல் பஞ்சு போல உள்ளே போகும். டப்பாவில் ஆயில் கரும்பழுப்பாக இருந்தால் அந்தக் கார் ஒழுங்காக சர்வீஸ் பார்க்கப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கிளட்சுக்கு எளிய சோதனை உண்டு. சமதளத்தில் 40 வேகத்தில் நான்காம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் ஏறினால் பிளேட் வழுக்குகிறது. பெடல் கல் போல இறுகியிருந்தாலும், பெடலை ஏறக்குறைய முழுதாக விட்ட பிறகே வண்டி நகர்ந்தாலும் பிளேட்டின் ஆயுள் முடியப்போகிறது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி எப்படியும் ஒன்றுதான். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தே பழகிய காரில் ஆக்சில் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறியிருக்கும். காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள், பிறகு மறுபக்கம். 'டக் டக்' என்ற சத்தம் வந்தால் வெளிப்பக்க ஜாயின்ட் போய்விட்டது.

விற்பவர் சம்மதித்தால் அடிவாரத்திலிருந்து நான்கைந்து வளைவு மேலே போய்த் திரும்பி வருவதைவிட நல்ல டெஸ்ட் டிரைவ் சேலத்தில் இல்லை. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது கார் நடுங்குகிறதா, கருகல் வாடை வருகிறதா, டெம்பரேச்சர் நிலையாக நிற்கிறதா, கீழே வந்ததும் பிரேக் பெடல் முதலில் இருந்த உயரத்திலேயே இருக்கிறதா என்று கவனித்தால் போதும். ஊருக்குள் அரை மணி நேரம் சுற்றினாலும் இத்தனை தெரியாது.

ஆட்டோமேட்டிக் கார் வாங்குபவர்களுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயம் என்றே சொல்வேன். ஆட்டோமேட்டிக் என்று ஒரே சொல்லில் விளம்பரம் செய்கிறார்கள். உள்ளே இருப்பவை வேறு வேறு. போலோ ஜிடி டிஎஸ்ஐயின் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டியும், 2020-க்குப் பிந்தைய ஐ20 டர்போவின் டிசிடி பெட்டியும் எண்ணெயில் ஊறாத இரட்டை கிளட்ச் வகை கியர்பாக்ஸ் (ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று). நாற்கரச் சாலையில் அருமையாக ஓடும். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் மலைச் சாலையில் அங்குலம் அங்குலமாக நகரும்போது அதே கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் வழுக்கிச் சூடாகிறது. அப்படிப் பல முறை சூடான பெட்டி ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது உதறும். டிஎஸ்ஜியில் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் பகுதி பழுதானால் கியர் காட்டும் எழுத்துகள் மீட்டரில் மினுக்கும், சில கியர்கள் விழவே விழாது. அந்தப் பகுதியை மாற்றும் செலவு லட்சத்தைத் தாண்டும். ஆல்ட்ராஸில் 2022-ல் வந்த டிசிஏ பெட்டி எண்ணெயில் ஊறும் கிளட்ச் என்பதால் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும்.

ஜாஸிலும், 2022-க்கு முந்தைய பலேனோவிலும் இருப்பது சிவிடி. பெல்ட்டும் கப்பியும் கொண்ட அதில் கியர் மாற்றமே கிடையாது. பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில். பில் இல்லாமல், மெதுவாகப் போகும்போது அதிர்வும் இருந்தால் வேண்டாம். 2022 முதல் பலேனோவில் வருவது சாதாரண கியர்பாக்ஸுக்கு மோட்டார் வைத்துக் கிளட்சை மிதிக்கும் ஏஜிஎஸ். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டராலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் உள்ளவர் கையில் இருந்திருந்தால் கிளட்ச் சீக்கிரம் தீரும்.

எந்தக் காரானாலும் பார்க்கும் நேரம் முக்கியம். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம், ஆனால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆறிய எஞ்சின் பேசுவதைச் சூடான எஞ்சின் பேசாது. ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நொடி டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலி) சத்தம் வந்து அடங்கினால் பரவாயில்லை. தொடர்ந்து உரசினால் அந்தச் செயின் அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வேலை காத்திருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை ஐந்து நிமிடம் கழித்தும் நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது.

இங்கே மலை வண்டிக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் போன்ற நுரை இருப்பதைப் பார்த்து, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினுக்குள் ஆயிலும் கூலண்டும் கலக்காமல் தடுக்கும் அடைப்பு) போய்விட்டது என்று காரையே ஒதுக்கிவிடுகிறார்கள். ஏற்காட்டுக் குளிரில், பனிமூட்டத்தில், கடைத்தெரு வரை மட்டும் போய்வரும் கார் முழுச் சூட்டுக்கே வராது. எஞ்சினுக்குள் சேரும் ஈரம் ஆவியாகாமல் மூடியில் படியும், அவ்வளவுதான். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்து, கூலண்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் இல்லாமல், கூலண்ட் அளவும் குறையாமல் இருந்தால் அந்த நுரைக்குப் பயப்பட வேண்டாம். ஒரு மணி நேரம் ஓட்டினால் மறைந்துவிடும்.

கூலண்டைப் பார்க்கும்போது நிறத்தையும் கவனியுங்கள். பச்சை, சிவப்பு, நீலம் எதுவாக இருந்தாலும் தெளிவாக இருக்க வேண்டும். துருப்பிடித்த பழுப்போ, டப்பா ஓரத்தில் வெள்ளை உப்புப் படிவோ இருந்தால் போர்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பாத்திரத்தில் எப்படி உப்பு பூக்கவைக்கிறதோ அப்படியே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். சமதளத்தில் தெரியாது, பத்தாவது வளைவில் சூடு ஏறும்.

டீசல் தேடுபவர்கள் இரண்டைப் பார்த்தால் போதும். பலேனோவின் 1.3, ஐ20-இன் 1.4 டீசல்களில் டைமிங் செயின் இருக்கிறது. போலோவின் 1.5 டீசலில் அதே வேலைக்கு ரப்பர் டைமிங் பெல்ட். பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துவிட்டு, வாங்கிய வாரமே மாற்றுங்கள். அது ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து எஞ்சினே போகும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 (புகை மாசு விதி) டீசல்களில் புகைத்தூளை வடிகட்டும் டிபிஎஃப் இருக்கிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடானால்தான் அதில் சேரும் கரி எரிந்து போகும். ஐந்து ரோட்டுக்கும் ஜங்ஷனுக்கும் இடையே மட்டும் ஓடிய பி.எஸ். 6 டீசல் காரில் வடிகட்டி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

விபத்து கண்ட காரா என்பதை பெயின்ட் பளபளப்பில் தேடாதீர்கள், போல்ட்டில் தேடுங்கள். முன் மட்கார்டையும் பானட் கீலையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால் அவற்றைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். எல்லாக் கண்ணாடியிலும் மூலையில் தயாரிப்பாளர் முத்திரையும் ஆண்டுக் குறியும் இருக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் உற்றுப் பாருங்கள். பம்பர் மாற்றியது, கதவில் டிங்கரிங் பார்த்தது எல்லாம் ஊருக்குள் ஓடும் காருக்குச் சகஜம், அதற்காக நல்ல காரை விட வேண்டியதில்லை. கூரையைத் தாங்கும் பில்லரிலும், பானட்டுக்கு அடியில் எஞ்சின் அறையின் பக்கச் சுவரான அப்ரானிலும், டிக்கி தரையிலும் வெல்டிங் தெரிந்தால் மட்டும் எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கைத் துண்டித்திருக்கலாம். உயிர் சம்பந்தப்பட்ட ஏமாற்று இது.

மழைநீரில் மூழ்கிய கார்களும் கவலைக்குரியவை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. முன் சீட்டின் அடியில் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், மிதியடியைத் தூக்கினால் பூஞ்சை வாடை ஆகியவையும் அடையாளம்.

மீட்டர் விஷயத்தில், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஓபிடி ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் மாட்டி செல்போனில் பார்க்கலாம். பழுதைக் குறிக்கும் எரர் கோடு இல்லை என்பதோடு திருப்தி அடையாதீர்கள். பல கார்களில் 'கோடு அழித்த பின் ஓடிய தூரம்' என்றொரு கணக்கும் தெரியும். அது 12 கி.மீ. என்று காட்டினால் நேற்றுதான் யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள். மீட்டர் எண்ணை கம்பெனி சர்வீஸ் சென்டரின் பழைய பில்களோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கமும் பேசும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 25,000 கி.மீ. ஓடியதாகச் சொல்லும் 2019 காரில் நான்கு டயரும் 2023 தயாரிப்பு என்றால், முதல் செட் எப்படித் தேய்ந்தது என்று கேளுங்கள்.

கம்பெனியே திரும்ப அழைத்த பழுதுகள் சரிசெய்யப்பட்டனவா என்பதையும் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து விசாரிக்கலாம். 2019-ல் தயாரான பெட்ரோல் பலேனோக்களிலும், 2018 முதல் 2020 வரை தயாரான ஜாஸ்களிலும் ஒரு பகுதிக்கு பெட்ரோல் பம்ப் மாற்றித் தரப்பட்டது. சரிபார்க்கச் செலவில்லை.

இனிக் காகிதம். ஆர்.சி.யில் பதிவுத் தேதியோடு தயாரித்த மாதமும் இருக்கும். விலை பேச வேண்டியது தயாரித்த மாதத்துக்கு. கடன் இருந்த கார் என்றால் பேங்க் கொடுத்த தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) கையெழுத்திட்ட படிவம் 35-உம் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவான எச்.பி.யை ரத்து செய்யும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை நிரப்பிய பிறகே கையெழுத்து. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, காரை மூன்று கை மாற்றும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு. பெயர் மாறாத வரை விபத்து இழப்பீட்டுக்கு ஆர்.சி.யில் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே இது விற்பவருக்கும் தலைவலிதான். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கேட்காததற்காகப் பழைய உரிமையாளருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடி (நோ கிளைம் போனஸ்) அவரோடு போய்விடும், காரோடு வராது. அதனால் பிரீமியம் கூடும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் கே.ஏ. நம்பர் கார்கள் இங்கே நிறைய வருகின்றன, விலையும் குறைவாகத் தோன்றும். அங்கிருந்து படிவம் 28 என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, நம் நம்பருக்கு மாற்றும் செலவைக் கூட்டிய பிறகும் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநில நம்பரிலேயே இங்கு வைத்திருக்க முடியாது.

ஆட்டோ கன்சல்டிங் நடத்துபவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய விதிகளின்படி, பழைய வாகனம் வாங்கி விற்பவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். உரிமையாளர் அவரிடம் காரை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்ததும் காருக்கு அவரே பொறுப்பாளி ஆகிறார். இது நேர்மையாகத் தொழில் செய்பவர்களுக்கும் பாதுகாப்பு. கார் பார்க்கப் போகிறவர்கள் "உங்கள் அங்கீகாரச் சான்றைக் காட்டுங்கள்" என்று தயங்காமல் கேட்கலாம். சேலத்தின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியலைத் தங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் கேட்க வேண்டிய அவசியம்கூட இருக்காது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. பழைய கார் விளம்பரம் வாங்கும்போது கிலோமீட்டரோடு இன்னும் நான்கு விவரங்களைக் கட்டாயமாகக் கேட்டு அச்சிடுங்கள்: தயாரித்த மாதமும் ஆண்டும், எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் முடியும் தேதி, ஆட்டோமேட்டிக் என்றால் எந்த வகை. இடம் இருந்தால் கார் பெரும்பாலும் மலையில் ஓடியதா, சமதளத்தில் ஓடியதா என்பதையும் சேர்க்கலாம். விளம்பரத்தில் இரண்டு வரி கூடும். அந்த இரண்டு வரிக்குக் கட்டணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தால் இந்த வட்டார வாசகர்கள் நன்றியோடு இருப்பார்கள்.

இப்படிக்கு,
கார் பட்டறைத் தொழிலாளர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.